ஈரக்குளிரும் சின்ன அறையும்: ஊத்து லயன் வீட்டிலிருந்து பாய்மரப் படகு வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்தது திருநெல்வேலி மலையில் இருக்கிற ஊத்து தேயிலை எஸ்டேட்டில், தோட்டத் தொழிலாளிகளுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீடு ஒன்றில். பேட்டை ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்துவிட்டு அம்பாசமுத்திரத்தில் தொழில் பார்க்கிறேன். என்னோடு படித்த உவரிக்காரன் ஒருவன் கப்பல் வேலைக்குப் போய், கடைசியில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு படகுப் பட்டறையில் நிலைத்துவிட்டான். வாடகை கட்டுப்படியாகாமல் 27 அடி நீளப் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி அதிலேயே குடியிருக்கிறான். போன முதல் வருசமே நவம்பரில் போன் போட்டு, "மாப்ளே, ஊத்துல நீங்கல்லாம் எப்படிலே கிடந்தீங்க? இங்க தலகாணி பிழிஞ்சா தண்ணி வருது" என்றான். அந்தப் பேச்சு மூன்று குளிர்காலமாக ஓடுகிறது. அவன் கேட்டதும், மலைக்கு வயரிங் வேலைக்குப் போன இடங்களில் கேட்டதும், குற்றாலத்தில் சீசனுக்கு ரூம் விடுகிறவர்கள் கேட்டதும் சேர்ந்ததுதான் இது.

திருநெல்வேலியில் ஏது குளிர் அண்ணாச்சி? வெயிலில்தானே சாகிறோம்!

நெல்லையப்பர் கோயில் வாசலில் நின்று கேட்டால் நியாயமான கேள்வி. மணிமுத்தாறு அணையைக் கடந்து, செக்போஸ்டில் பேரெழுதிவிட்டு மேலே ஏறிப் பாருங்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று வரிசையாகத் தேயிலைக் காடு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி போலக் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் ஆளை வாட்டுவது அந்த ஆறு டிகிரி அல்ல. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து சாரல். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கேயிருந்து அடைமழை. இரண்டு பருவமழையையும் வாங்குகிற மலை அது. மஞ்சு இறங்கினால் எதிர்வீட்டுத் திண்ணை தெரியாது. தீப்பெட்டி நமுத்துப்போகும், அப்பளம் நமுத்துப்போகும், பள்ளிக்கூடப் புத்தகம் உப்பிப்போகும்.

1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருடக் குத்தகைக்கு எடுத்துப் போட்ட தோட்டம். 2024-இல் வேலை நின்று, சனம் கீழே இறங்க ஆரம்பித்துவிட்டது. நான் வளர்ந்த வரிசையில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இருந்தாலும் பழக்கம் பழக்கம்தான். ஈரக்குளிரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு அந்த அறைதான் முன்னால் வருகிறது.

லயன் வீட்டுக்கும் பாய்மரப் படகுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டும் சின்னது. இரண்டிலும் சமையல், படுக்கை, துணி உலர்த்தல் எல்லாம் ஒரே காற்றில். இரண்டிலும் சுவருக்கு அந்தப் பக்கம் ஈரம்: அங்கே கடல், இங்கே மஞ்சு. வித்தியாசம் என்றால், லயன் வீட்டுக் கதவிடுக்கிலும் ஓட்டு இடுக்கிலும் காற்று தானாக வந்து போகும். படகை ஒரு சொட்டுத் தண்ணீர் புகாதபடி அடைத்துக் கட்டியிருப்பார்கள். தண்ணீர் புகாத இடத்தில் காற்றும் புகாது. அதனால் தப்பு செய்தால் படகில் தண்டனை சீக்கிரம் கிடைக்கும்.

ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடுகிறது. ஆனாலும் போர்வை ஈரம், சுவர் ஈரம். ஏன்?

எல்லாருக்கும் இடறுகிற இடம் இது, கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

காற்று ஓரளவு தண்ணீரை ஆவியாகத் தாங்கும். சூடான காற்று கூடுதலாகத் தாங்கும். 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 12.8 கிராம், 22 டிகிரியில் 19.4 கிராம். பத்துக்குப் பத்து அறை, ஒன்பதடி உயரம் என்றால் கிட்டத்தட்ட 25 கன மீட்டர். அப்படியானால் 22 டிகிரிக்குச் சூடாக்கிய அந்த அறை முழுவதும் தாங்கக்கூடிய தண்ணீர் அரை லிட்டருக்கும் குறைவு. மலையில் மஞ்சு மூடிய ராத்திரி 15 டிகிரி என்று வைத்துக்கொண்டால், கதவைச் சாத்தும்போதே 320 கிராம் உள்ளே இருக்கிறது. மிச்சம் இருக்கிற இடம் 165 கிராம்.

தூங்குகிற ஒரு ஆள் மூச்சிலும் தோலிலுமாக ராத்திரிக்குக் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் விடுகிறார். நாலு பேர் படுத்தால் ஒரு லிட்டரைத் தாண்டும். போதாததற்குக் கொடியில் ஈரத்துணி, மூலையில் சோறு வெந்த ஆவி. இதெல்லாம் எங்கே போகும்? அறையில் எது ரொம்பக் குளிர்ந்திருக்கிறதோ அதைத் தேடிப் போய் ஒட்டும். தகரக்கூரை, ஜன்னல் கண்ணாடி, பீரோவுக்குப் பின்னால் இருக்கிற சுவர், படகில் கடல்நீருக்குக் கீழே இருக்கிற உடற்பகுதி. ஹீட்டர் தண்ணீரை அழிப்பதில்லை. படுக்கையிலிருந்து கிளப்பி கூரையில் கொண்டுபோய் வைக்கிறது. ஹீட்டரை அணைத்ததும் அது திரும்ப உங்கள் மேலேயே சொட்டுகிறது.

நனைந்தது எதுவாக இருந்தாலும் உடம்புச் சூட்டை உறிஞ்சும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். 15 டிகிரியில் காய்ந்த கம்பளிக்குள் சுகமாகத் தூங்கலாம், நமுத்த கம்பளிக்குள் விடிய விடிய நடுங்க வேண்டியதுதான்.

அப்படியானால் ஜன்னலைத் திறக்கச் சொல்கிறீர்களா? கரண்ட் பில்லை யார் கட்டுவது?

ஆமாம், திறக்கத்தான் சொல்கிறேன். முழுக்க வேண்டாம், மேலே இரண்டு விரல், எதிர்ப்பக்கம் கீழே இரண்டு விரல்.

பில் கணக்கும் போட்டுப் பார்த்துவிட்டேன். அந்த 25 கன மீட்டர் காற்று முப்பது கிலோ எடை. அதை 15-இலிருந்து 22 டிகிரிக்கு ஏற்ற 0.06 யூனிட் போதும். மணிக்கு ஒரு தரம் அறைக்காற்று முழுதாக மாறினாலும், எட்டு மணி நேரத்துக்கு அரை யூனிட்தான் கூடுதல். ஒரு லிட்டர் தண்ணீரைத் துணியிலிருந்து ஆவியாக்கவே அதைவிட அதிகம் ஆகும். காற்று சூட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது என்கிற பயம் நம் எல்லாருக்கும் உண்டு. உண்மையில் சூட்டைத் தின்பது பெரும்பாலும் மெல்லிய கூரையும் சுவரும்தான்.

வெளியே மஞ்சாக இருக்கும்போது உள்ளே வருவதும் ஈரக்காற்றுதானே என்று குற்றாலத்து லாட்ஜ்காரர் ஒருவர் மடக்கினார். ஈரம்தான். ஆனால் 15 டிகிரியில் நூற்றுக்கு நூறு ஈரமான காற்று, உள்ளே வந்து 22 டிகிரி ஆனதும் 66 சதவீதமாகிவிடும். தண்ணீர் அதே அளவுதான். காற்றின் கொள்ளளவு கூடிவிட்டது. அந்தக் காற்று இப்போது உங்கள் படுக்கையிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியே போகும். சூடும் வேண்டும், வழியும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் வேலைக்கு ஆகாது.

என் கூட்டாளிக்கு இதில் கொடுப்பினை அதிகம். அங்கே வெளியே 5 டிகிரி என்றால், அந்தக் காற்றில் அதிகபட்சமே 6.8 கிராம்தான். உள்ளே 18 டிகிரிக்குச் சூடாக்கினால் 44 சதவீதம். நம்மூர் பங்குனி மாதிரி துணி காயும். ஆக, ஊத்தைவிட ஸ்காட்லாந்தில் ஜன்னலைத் திறப்பதில் லாபம் கூட. இதைச் சொன்னபோது அவன் நம்பவில்லை. கேபின் மூடியை ஒரு விரல் தூக்கி வைத்து மூன்று நாள் படுத்துப் பார்த்தபிறகு நம்பினான்.

கரியடுப்பில் கங்கு போட்டு அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கலாமா? புகையே வராதே?

கூடாது. மற்ற பதில்களில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், இதில் கிடையாது.

விறகு எரிந்தால் கண் எரியும், இருமல் வரும், ஆள் எழுந்து கதவைத் திறப்பான். அதனால் விறகு ஒருவகையில் நல்லவன். கரியோ கங்கோ புகையாது, மணக்காது. சாம்பல் மூடி மங்கலாகச் சிவந்து கிடக்கிறதே, பார்க்க எவ்வளவு இதமாக இருக்கிறது, அப்போதுதான் கார்பன் மோனாக்சைடு மிகுதியாக வருகிறது. காற்று போதாமல் அரைகுறையாக எரிகிறது என்று அர்த்தம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தூக்கத்தில் இருக்கிற ஆளுக்கு மூச்சுத் திணறாது. தூக்கம் இன்னும் ஆழமாகும், அவ்வளவுதான்.

இன்னொரு வினோதம் உண்டு. கேஸ், மண்ணெண்ணெய் எல்லாம் எரிந்தால் தண்ணீர் ஆவி வரும். கரி பெரும்பாலும் கார்பன் என்பதால் அதிலிருந்து ஈரம் ரொம்பக் கொஞ்சம். ஈரக்குளிரில் கிடக்கிறவனுக்கு அந்த உலர்ந்த சூடு சொர்க்கமாகத் தெரியும். ஆளைக் கொல்வதும் அதுதான்.

எங்கள் வீட்டில் கணப்புச் சட்டி இருந்தது. சாயங்காலம் அடுப்பில் மிஞ்சிய கங்கை அள்ளிப் போட்டு, அதைச் சுற்றி உட்கார்ந்து கை காய்வோம், பேசுவோம், கடுங்காப்பி குடிப்போம். கதவு அப்போது திறந்துதான் இருக்கும். படுக்கப் போகும்முன் அம்மா அதைச் சாக்கால் பிடித்து வெளியே திண்ணையில் கொண்டுபோய் வைத்துவிடுவாள். மழையாக இருந்தாலும் சரி, நாங்கள் கெஞ்சினாலும் சரி. ஏன் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது, "உள்ள வச்சா ஆகாதுலே" என்பாள். ஐ.டி.ஐ.யில் பாதுகாப்புப் பாடம் எடுத்த அன்றைக்குத்தான் எனக்கு அந்தச் சட்டி ஞாபகம் வந்தது.

பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தால் விஷவாயுவைத் தண்ணீர் இழுத்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். இழுக்காது, அந்த வாயு தண்ணீரில் கரைவது மிகமிகக் குறைவு. அது மேலே போய்விடும், தரையில் படுத்தால் தப்பலாம் என்பார்கள். அதன் எடையும் காற்றின் எடையும் கிட்டத்தட்ட ஒன்று, அறை முழுக்கப் பரவும்.

கரிப்புகை பட்ட ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கைகால் துவண்டுபோவது. காய்ச்சல் வரப்போவது போலவே இருக்கும், உடம்பு மட்டும் சுடாது. ஒரே அறையில் இருந்த இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் வேறு யோசனையே வேண்டாம். எல்லாரையும் வெளியே இழுத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் "கரி போட்டுப் படுத்திருந்தோம்" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். வெறும் காற்றில் அந்த வாயு ரத்தத்திலிருந்து பாதி இறங்கவே நாலைந்து மணி நேரம் ஆகும். சுத்த ஆக்சிஜன் வைத்தால் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் இறங்கும்.

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கருவியை மாட்டிப் பார்த்து 98 காட்டுகிறது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அந்தக் கருவிக்குக் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பாட்டரியில் ஓடுகிற மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. கூட்டாளி படகில் தலைமாட்டிலேயே மாட்டியிருக்கிறான். ஏதாவது எரிகிற அறையில் படுக்கிறவர் அதை வாங்காமல் இருப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கேஸ் அடுப்பைக் கொஞ்ச நேரம் எரியவிட்டுச் சூடாக்கினால்?

ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது இருபது லிட்டருக்கு மேல் தண்ணீரை வீட்டுக்குள் விட்டிருக்கும். மண்ணெண்ணெயும் லிட்டருக்கு லிட்டர் அதே கதை. முகம் சுடும், கூரை சொட்டும். புகைப்போக்கி இல்லாமல் அறைக்குள் வைக்கிற கேஸ் ஹீட்டர் எல்லாமே இந்த வகைதான். ஆக்சிஜன் குறைந்தால் தானே அணைகிற ஏற்பாடு சிலதில் உண்டு, தண்ணீரை நிறுத்துகிற ஏற்பாடு எதிலும் இல்லை.

படகில் இன்னொரு வில்லங்கம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். வீட்டில் கசிந்தால் வாசற்படி வழியாக வெளியே தவழ்ந்து போக வாய்ப்பிருக்கிறது. படகோ ஒரு பாத்திரம். கசிந்தது அடித்தட்டில் குளம் மாதிரித் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அதனால்தான் அங்கே சிலிண்டரைத் தனிப்பெட்டியில் வைத்து, பெட்டியின் அடியிலிருந்து கடலுக்கு ஒரு வடிகுழாய் விட்டிருப்பார்கள்.

மெழுகுவர்த்தி மேல் மண்சட்டியைக் கவிழ்த்தால் ஹீட்டராகிவிடும் என்று ஒரு வீடியோ பார்த்தேன்.

சட்டியும் சூடாகும், வீடியோவும் ஓடும். ஒரு மெழுகுவர்த்தி தருவது 80 வாட் போல. சட்டி அதைக் கூட்டாது, பிடித்து வைத்து மெல்ல விடும். தூங்குகிற ஒரு ஆளும் அதே அளவு சூடு விடுகிறார். காருக்குறிச்சியில் வாங்கின நல்ல சட்டியில் மீன்குழம்பு வையுங்கள்.

எத்தனை வாட் ஹீட்டர் வாங்கலாம்? எந்த வகை?

என் தொழில் இது, ஆகவே கொஞ்சம் நீளும்.

மலையில் பத்துக்குப் பத்து அறைக்கு 1000 வாட் போதும். 2000 வாட் வாங்கினால் அறை அல்ல, வயர்தான் முதலில் சூடாகும். 1000 வாட் இழுப்பது நாலரை ஆம்பியர். 5 ஆம்பியர் பிளக்கின் விளிம்பு அது. 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட ஒன்பது ஆம்பியர். அதற்கு 15 ஆம்பியர் பாயிண்ட், 2.5 ஸ்கொயர் எம்.எம். வயர், எர்த் எல்லாம் தனியாக வேண்டும். லைட்டுக்குப் போட்ட லைனில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு, அதில் ஹீட்டரையும் போன் சார்ஜரையும் சேர்த்துச் செருகி, பாக்ஸைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுகிறார்கள். உருகி ஒட்டிப்போன அப்படிப்பட்ட பாக்ஸ் என் கடையில் இன்னமும் மூன்று கிடக்கிறது, வாடிக்கையாளருக்குக் காட்ட வைத்திருக்கிறேன்.

சிவந்து எரிகிற ராட் ஹீட்டர் மலிவு. நேரே முன்னால் உட்கார்ந்து கை காய நல்லது. தூங்குகிற அறைக்கு ஆகாது, போர்வை நழுவி விழுந்தால் தீர்ந்தது. எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் விலை கூடுதல். மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும், சிவக்காது. ராத்திரிக்கு அதுதான். எதுவானாலும் துணிமணியிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள். ஈர மலையில் கரண்ட் கசிந்தால் தானே லைனை வெட்டிவிடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் வயரிங் செய்து தரச் சொன்னால் நான் மாட்டேன் என்றுதான் சொல்கிறேன். சுவரே நனைந்திருக்கிற வீடு அது.

மின்சார ஹீட்டரில் எரிதல் இல்லை, ஆகவே புகையும் இல்லை, தண்ணீரும் இல்லை. கரண்ட் இருக்கிற இடத்தில் அதைவிட நல்ல சூடு கிடையாது.

கரண்ட் போய்விட்டால்? மலையில் மழை என்றால் அது போவது நிச்சயம்.

அறையை விட்டுவிட்டு ஆளைச் சூடாக்குங்கள். இரண்டு லிட்டர் வெந்நீர் ரப்பர் பையில் 80 டிகிரியிலிருந்து உடம்புச் சூடு வரை ஆறுவதற்குள் 0.1 யூனிட் சூட்டைத் தருகிறது. கேட்டால் அற்பம். ஆனால் அது முழுக்கப் போர்வைக்குள், கால்மாட்டில், உங்களுக்கே. ராத்திரி முழுக்க ஓடும் 1000 வாட் ஹீட்டர் எட்டு யூனிட் தின்று அதில் பாதிக்கு மேல் கூரைக்குத் தானம் செய்கிறது. பையைத் துணியில் சுற்றி, படுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே படுக்கைக்குள் வையுங்கள். படுக்கையிலிருந்து ஈரம் கிளம்பிப் போக நேரம் கிடைக்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள், பழைய பை வாய் பிளக்கும். கைக்குழந்தை பக்கத்தில் வைக்க வேண்டாம்.

படகில் என்ன ஹீட்டர் போடுவார்கள்? பாட்டரியில் ஓடாதா?

12 வோல்ட், 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பாட்டரியில் மொத்தமே 1.2 யூனிட்தான் இருக்கும். ஈய பாட்டரி என்றால் அதில் பாதியைத்தான் தைரியமாக எடுக்கலாம். 1000 வாட் ஹீட்டர் மாட்டினால் அரைமணி நேர ஆட்டம். துறையில் கட்டிக் கரையிலிருந்து கரண்ட் இழுத்தால் மட்டும் மின்சாரம்.

மற்றபடி அங்கே பேர்போனது டீசல் ஹீட்டர். வெபாஸ்டோ, எபர்ஸ்பேஷர் என்பவை பழைய பெயர்கள். இப்போது மலிவான சீனத் தயாரிப்பும் வருகிறது. குளிர் தேசத்து லாரிக் கேபின்களிலும் இதே சாமான்தான். இதன் சூட்சுமம், எரியும் அறை தனி, அடைத்த அறை. வெளிக்காற்றை இழுத்து எரித்து, புகையை வெளியே தள்ளும். கேபின் காற்று அந்தச் சூடான உலோகத்தின் மேலே மட்டும் ஓடிச் சூடாகித் திரும்பும். இரண்டு காற்றும் தொட்டுக்கொள்வதில்லை. ஆக, டீசலில் பிறக்கிற தண்ணீரும் விஷமும் கடலோடு போச்சு. 2 கிலோவாட் ஹீட்டர் முழுவேகத்தில் மணிக்குக் கால் லிட்டர் டீசல் குடிக்கும். பாட்டரியிலிருந்து விசிறிக்கும் பம்புக்கும் மட்டும் கொஞ்சம் கரண்ட், பற்றவைக்கும்போது சில நிமிடம் கூடுதல்.

கூட்டாளி தன் கையாலேயே மாட்டினான். மாட்டின முதல் வாரம் உள்ளே லேசாக டீசல் வாடை. புகைக்குழாய் இணைப்பில் ஒரு கிளாம்ப் சரியாக இறுகவில்லை. அலாரம் அடிக்கும்முன் மூக்கே காட்டிக்கொடுத்தது. குழாய் படகின் பக்கவாட்டில் வெளியேறும் இடத்தில் ஒரு வளைவை மேலே தூக்கி விடவேண்டும், இல்லையென்றால் அலையடிக்கும்போது தண்ணீர் குழாய் வழியே ஹீட்டருக்குள் ஏறிவிடும். குழாயும் பழுக்கச் சூடாகும், கயிறோ பாயோ தொடாமல் சுற்றிக்கட்ட வேண்டும்.

விறகும் கரியும் எரிக்கிற குட்டி இரும்படுப்பு வைத்த படகுகளும் உண்டு, மேல்தட்டுக்குப் புகைக்குழாய் விட்டு. பார்க்க அழகு. காற்று திசை மாறினால் புகை உள்ளே திரும்பும் என்பதால் அவன் அந்தப் பக்கமே போகவில்லை.

கூரைத் தகரம் உள்பக்கம் சொட்டுகிறது. ஓட்டை எதுவும் இல்லை.

ஓட்டை இருக்காது, உங்கள் மூச்சுதான் சொட்டுகிறது. தகரத்துக்குக் கீழே மூங்கில் தட்டியோ சாக்கோ கட்டினால் தீரும் என்று நினைத்து நானும் ஒருமுறை கட்டினேன். சூடான ஈரக்காற்று இடுக்கு வழியாக மேலே போய்த் தகரத்தில் ஒட்டி, சாக்கு நனைந்து, ஐப்பசி முடியுமுன் கறுத்துப்போனது. ஈரக்காற்று தகரத்தைத் தொடவே கூடாது. அலுமினியத் தாள் ஒட்டிய ஃபோம் ஷீட் சுருளாக விற்கிறதே, அதைத் தாள் பக்கம் கீழே பார்க்க இணைப்பெல்லாம் டேப் போட்டு ஒட்டுங்கள். படகில் ஃபோமை இடைவெளி விடாமல் உடற்பகுதியோடேயே ஒட்டிவிடுவார்கள். தெர்மோகோல் வேண்டாம், தீப்பிடித்தால் உருகி மேலே விழும்.

படுக்கைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கிறது.

தரையிலோ பலகையிலோ மெத்தையை நேராகப் போட்டால் பிடிக்கத்தான் செய்யும். உடம்பிலிருந்து இறங்குகிற ஆவி அடிப்பக்கக் குளிரில் தண்ணீராகும். என் கூட்டாளி ஊர்ப் பாசத்தில் பத்தமடைப் பாய் ஒன்றைக் கொண்டுபோய் மெத்தைக்கடியில் விரித்தான். இரண்டு மாதத்தில் பாயே பச்சை கட்டிவிட்டது. கோரையும் புல்தானே! பிறகு மரச்சட்டங்களை விரலிடை விட்டு அடித்து அதன்மேல் மெத்தையைப் போட்டான், காலையில் எழுந்ததும் மெத்தையை ஒரு பக்கம் தூக்கி நிறுத்துகிறான். சரியாகிவிட்டது. லயன் வீட்டில் கயிற்றுக் கட்டில் இதை எந்தப் பாடமும் படிக்காமல் செய்துகொண்டிருந்தது.

பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். சுவரில் பிடித்த பூஞ்சையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வீடு முழுக்கத் தூள் பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் பூஞ்சை லேசில் ஏறாது, காரம் அதிகம். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்த வீட்டில்தான் அதற்குக் கொண்டாட்டம்.

துணி காயவே மாட்டேன் என்கிறது.

படுக்கிற அறையில் காயப்போடாதீர்கள். வேறு வழியில்லை என்றால் நன்றாகப் பிழிந்து, ஹீட்டரும் ஜன்னலும் இருக்கிற பக்கம், பகலில்.

டீஹியூமிடிஃபையர் வாங்க முடிந்தால் இந்தக் கேள்வியே வராது. காற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்துத் தொட்டியில் ஊற்றும். இழுக்கிற கரண்ட் கடைசியில் அறைக்குள் சூடாகவே திரும்பிவிடும், வீணில்லை. கம்ப்ரசர் வைத்தது நம் மலைக்குச் சரி. 10 டிகிரிக்குக் கீழே அதன் வேகம் படுத்துவிடும் என்பதால் குளிர் தேசத்துப் படகுக்காரர்கள் ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த டெசிகண்ட் வகை வாங்குகிறார்கள்.

அறையில் எவ்வளவு ஈரம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரமானி கிடைக்கிறது. 60-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. நாள்கணக்கில் 80-இல் நின்றால் பூஞ்சை உறுதி.

கருவி இல்லையென்றால் உப்புச் சாடியைப் பாருங்கள். சுத்தமான உப்பு 75 சதவீத ஈரத்தில் கசிய ஆரம்பிக்கும். தூத்துக்குடிக் கல்லுப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னாலேயே வியர்க்கும். பாக்கெட் தூளுப்பே கட்டி தட்டினால் ஜன்னலைத் திறக்கிற நேரம் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு, சிலிக்கா பாக்கெட், ஈரம் உறிஞ்சும் டப்பா வைத்தால் போதாதா?

மூடிய டிரங்குப் பெட்டிக்குள் சரி. நாலு பேர் மூச்சு விடுகிற அறையில் அது கடலில் கரைத்த பெருங்காயம்.

ஊரிலிருந்து கொண்டுபோன கருப்பட்டி படகில் கசிகிறது. என்ன செய்ய?

உவரிக்காரன் கேட்காமல் இருப்பானா? எங்கள் ஆச்சி கருப்பட்டியை ஓலைக் கொட்டானில் போட்டு அடுப்புக்கு நேர் மேலே பரணில் வைத்திருப்பாள். புகையும் சூடும் பட்டுக்கொண்டே இருக்கும், கசியாது. படகில் பரண் ஏது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஹீட்டர் காற்று வந்து விழுகிற மூலையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஏற்கெனவே கசிந்ததைத் தூக்கிப்போட வேண்டாம், வடிகட்டிப் பாகாகக் காய்ச்சி வைத்துக்கொண்டால் காப்பிக்கு ஆகும்.